தன்னந்தனியே உலகைச் சுற்றிய இசபெல்லா பேர்டு அம்மையார்

கோலக்கங்சார் நகருக்குச் சென்று வந்த பெற்றோர் பலர், அங்கே வேலியிட்டுக் காக்கப்படும் பழைய ரப்பர் மரத்தைக் கண்டிருப்பர். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட 22 கன்றுகளுள் ஒன்பது கோலக்கங்சாரில் நடப்பட்டன என்பது வரலாறு. நம் வீடுகளில் அடுப்பெரியக் காரணமாக இருந்த பால்மரம் இம்மண்ணில் வேர்விட்டது அவ்வாறுதான். அக்கன்றுகள் நடப்பட்டு ஈராண்டுகூட நிறையாத 1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில், காட்டு வழியே யானைமீது அமர்ந்து ஆங்கிலப் பெண்மணி ஒருவர் அவ்வூருக்கு வந்து சேர்ந்தார். அவருடைய உயரம் ஐந்தடிக்கும் குறைவு. வயதோ 47. கணவரோ, உடன்பிறந்தாரோ, தோழியரோ எவரும் அவருடன் வரவில்லை. அவர்தாம் இசபெல்லா பேர்டு அம்மையார். அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நம் மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

அம்மையார் 1831ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் கிறித்துவத் திருச்சபையின் குரு. ஹென்றியேட்டா என்னும் தங்கை ஒருத்தி இருந்தாள். இசபெல்லா சிறு வயது முதலே நோயாளி. முதுகெலும்பில் தீராத வலி, தலைவலி, உறக்கமின்மை. 1850ஆம் ஆண்டில் முதுகெலும்பின் அருகிலிருந்த கட்டி ஒன்றை அறுவை செய்து நீக்கினர். அதன் பின்னரும் நலம் திரும்பவில்லை. பகற்பொழுதின் பெரும்பகுதியைச் சாய்வு நாற்காலியிலும் கட்டிலிலும் கழித்தார். முதுகு வலியோடு நிரையில் நின்று பால் வெட்டிய நம் தாய்மார்கள் அத்துன்பம் எத்தகையது என்பதை நன்கு அறிவார்கள். அவர்களுக்குச் சாய்வு நாற்காலி வாய்க்கவில்லை என்பது வேறு செய்தி.

மருந்துகள் பலிக்காத நிலையில் மருத்துவர்கள் கடற்பயணம் நன்று என்றனர். 1854ஆம் ஆண்டில் தந்தையார் மகளின் கையில் 100 பவுன் கொடுத்து, அப்பணம் தீரும்வரை வெளிநாட்டில் தங்கியிருக்க இசைவும் அளித்தார். இசபெல்லா அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சென்று திரும்பினார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1856ஆம் ஆண்டில் பெயரின்றி வெளிவந்தது. நற்குடிப் பெண் தன் பெயரை அட்டையில் அச்சிடுவதற்கு அக்காலம் தயங்கியது போலும்.

1858இல் தந்தையார் மறைந்தார். அன்னையும் மகள்மார் இருவரும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1866இல் அன்னையும் மறைந்தார். அக்காளும் தங்கையும் தனித்தனர். ஹென்றியேட்டா அமைதியான இயல்பினள். மல் என்னும் தீவிலுள்ள தோபர்மோரி என்ற சிற்றூரில் எளிய வீட்டில் வாழ்ந்து, ஏழைகளுக்கு உதவி செய்வதில் நிறைவு கண்டாள். இசபெல்லாவுக்கோ வீட்டினுள் அடங்கினால் நோய் மீளும். வெளியே புறப்பட்டால் நோய் ஓடும். இந்த விந்தையை அவருடைய வாழ்நாள் முழுவதும் காண்கிறோம்.

1872ஆம் ஆண்டில், தம் 40ஆம் வயதில், அவர் மீண்டும் கப்பலேறினார். ஆஸ்திரேலியா அவருக்குப் பிடிக்கவில்லை. நியூசிலாந்தும் பிடிக்கவில்லை. அங்கிருந்து 1873ஆம் ஆண்டு சனவரியில் நெவாடா என்னும் பழங்கப்பலில் அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்டார். நடுக்கடலில் கடும்புயல் தாக்கியது. கப்பல் உடைந்துவிடுமோ என்று பயணிகள் அஞ்சினர். அப்போதுதான் இசபெல்லாவின் உள்ளத்தில் மகிழ்ச்சி ஊற்றெடுத்தது! கப்பலில் இளைஞர் ஒருவர் நோயுற, அவருடைய தாய்க்குத் துணையாக ஹவாய்த் தீவுகளில் இறங்கினார் அம்மையார். சில நாள் தங்க எண்ணியவர் ஆறு திங்களுக்கும் மேல் தங்கிவிட்டார்.

அக்காலத்து ஆங்கிலப் பெண்கள் குதிரையின்மேல் இரு கால்களையும் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டு அமர்வர். முதுகு நோயுள்ள இசபெல்லாவுக்கு அவ்விருக்கை பெருவேதனை தந்தது. ஹவாய்ப் பெண்களோ ஆடவர் போலவே இருபுறமும் கால் போட்டுக் குதிரையேறினர். அம்மையாரும் அவ்வாறே செய்து பார்த்தார். வலி பறந்தது! அன்று தொடங்கிய அவ்வழக்கம் அவரை உலகின் உச்சிகளுக்கெல்லாம் கொண்டு சென்றது. கிலாவேயா எரிமலையின் வாயருகே சென்று, கொதிக்கும் நெருப்புக் குழம்பு ஏரியாய் அலையடிப்பதைக் கண்டார். மழை வெள்ளம் சுழித்தோடும் ஆற்றில் குதிரையோடு அடித்துச் செல்லப்பட இருந்து உயிர் பிழைத்தார். அவ்வாண்டு சூன் திங்களில், கிரீன் என்பவரின் துணையோடு, 13,000 அடிக்கும் மேல் உயர்ந்த மவுனா லோவா எரிமலையின் உச்சியை அடைந்தார். காலின்கீழ் பனிக்கட்டி, கண்ணெதிரே பொங்கி எழும் நெருப்பு ஊற்று. அக்கரையிலேயே கூடாரமிட்டு அன்றிரவைக் கழித்தனர். எடின்பரோவில் தலையணையிலிருந்து தலை தூக்க இயலாமல் கிடந்தவர் இவர்தாம் என்று எவர் நம்புவர்!

அங்கிருந்து அமெரிக்கா சென்றவர், கொலராடோ மாநிலத்தின் ராக்கி மலைத்தொடரில் அவ்வாண்டின் இலையுதிர் காலத்தையும் குளிர்காலத் தொடக்கத்தையும் கழித்தார். எஸ்தஸ் பார்க் என்னும் மலைப் பள்ளத்தாக்கே அவருடைய மனத்தைக் கொள்ளை கொண்ட இடம். நாற்புறமும் பனி மூடிய சிகரங்கள், நடுவே புல்வெளி, மான் கூட்டம். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிலில் அவர் தங்கினார். சுவரின் இடுக்கு வழியே பனி புகுந்து படுக்கையின்மேல் படியும்.

அப்பள்ளத்தாக்கில் ஜிம் நியூஜன்ட் என்னும் வேட்டைக்காரர் வாழ்ந்தார். கரடியோடு போராடி ஒரு கண்ணை இழந்தவர். மதுவெறியும் முன்கோபமும் உடையவர். ஆயினும் நூல்கள் பல கற்றவர், கவிதை எழுதுபவர். ஊரார் அஞ்சிய அம்மனிதரின் உள்ளத்து ஈரத்தை அம்மையார் கண்டுகொண்டார். அவருடைய வழிகாட்டலில், 14,259 அடி உயரமுள்ள லாங்ஸ் சிகரத்தில் ஏறினார். இரவில் பைன் மரங்களின் கீழ்ப் படுக்கை. குளிர் தாங்கும் பொருட்டு ஜிம்மின் நாய் அவருடைய முதுகருகே காவலாகப் படுத்துக்கொண்டது. மறுநாள் வழுக்குப் பாறைகளில் கால் பற்றவில்லை. ஜிம் கயிறு கட்டி இழுத்தும், தம் தோளில் கால் வைக்கச் செய்தும் அவரை மேலேற்றினார். தாம் பெரும்பாலும் மூட்டை போல இழுக்கப்பட்டதாகவே அம்மையார் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். வீரச் செயல் என்று பெருமையடித்துக்கொள்ளாத அந்த நேர்மை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பின்னர் பேர்டி என்னும் குதிரையின்மேல் ஏறி, துணை எவருமின்றிக் கொலராடோ மலைகளைச் சுற்றி வந்தார். பனிப்புயலில் பாதை மறைந்துபோகும். கண்ணிமைகளில் நீர் உறைந்துவிடும். மாலையில் எக்குடிசையில் விளக்கெரிகிறதோ அங்கே இடம் கேட்பார். அவ்வீட்டாரோடு சமையலும் துப்புரவும் செய்வார். அக்குளிர்காலத்தில் அவர் அம்மலைகளில் கடந்த தொலைவு ஏறத்தாழ 800 மைல் என்பர். ஜிம் அவர்மீது அன்பு கொண்டார். அம்மையாரின் உள்ளமும் கலங்கியது. ஆயினும் குடிவெறியாலும் சினத்தாலும் சிதைந்த வாழ்வோடு தம் வாழ்வைப் பிணைக்க அவர் உடன்படவில்லை. 1873 டிசம்பரில் விடைபெற்றார். அடுத்த ஆண்டே ஜிம், அண்டை வீட்டாரோடு ஏற்பட்ட பகையில் சுடப்பட்டு, அக்காயத்தால் மாண்டார்.

இத்தனை காட்சிகளையும் அம்மையார் எவருக்காக எழுதினார்? தங்கைக்காகவே எழுதினார். நாள் முழுதும் குதிரையின்மேல் களைத்தபின், தீயின் ஒளியில் அமர்ந்து ஹென்றியேட்டாவுக்குப் பக்கம் பக்கமாக மடல் வரைவார். தங்கை அவற்றைப் படித்துப் பாதுகாப்பாள். அக்காள் வீடு திரும்பிய பின்னர் அம்மடல்களே நூல்களாகும். ஒருத்தி மலையேற, மற்றொருத்தி வீட்டிலிருந்தே அம்மலையைக் கண்டாள். அந்நூல்களில் பாதிப் பெருமை தோபர்மோரியிலிருந்த தங்கைக்கே உரியது என்பது நம் கருத்து.

1878ஆம் ஆண்டில் ஜப்பான் சென்ற அம்மையார், இத்தோ என்னும் இளைஞரை மொழிபெயர்ப்பாளராகக் கொண்டு, அதன் வடபகுதியையும் ஐனு மக்கள் வாழும் ஹொக்காய்டோ தீவையும் கண்டார். அங்கிருந்து திரும்பும் வழியில்தான், 1879 சனவரியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கினார். மலாயாவில் அவர் கழித்தது ஐந்து வாரமே. மலாக்காவைக் கண்டார். லிங்கி ஆற்றில் கொசுக்கடியும் வெக்கையும் பொறுத்துப் படகில் சென்று சுங்கை ஊஜோங்கை அடைந்தார். இன்றைய சிரம்பான் வட்டாரமே அது. கிள்ளான், பினாங்கு, தைப்பிங் ஆகிய இடங்களுக்கும் சென்றார்.

தைப்பிங் வட்டாரத்திலிருந்து கோலக்கங்சாருக்கு யானைப் பயணம். யானையின் இருபுறமும் கூடைகள் கட்டியிருந்தன. ஒரு கூடையில் அம்மையார். எடை சமமாக இருக்க மறுகூடையில் மலாய்க்காரர் ஒருவர். யானைச் சவாரி அரசர்க்குரியது என்று நாம் எண்ணுகிறோம். அம்மையாருக்கோ உடம்பெல்லாம் நொந்தது. யானை துதிக்கையால் நீரையும் சேற்றையும் அள்ளித் தன்மீது இறைத்துக்கொண்டபோது, மேலே இருந்தவரும் நனைந்தார்!

கோலக்கங்சாரில் ஆங்கில அதிகாரி ஹியூ லோ அவர்களின் இல்லத்தில் தங்கினார். அவ்வமயம் லோ வெளியூர் சென்றிருந்தார். உணவு மேசையில் முறைப்படி தட்டுகள் வைக்கப்பட்டன. உடனுண்ண வந்தோர் யாவர் தெரியுமா? அதிகாரி வளர்த்த குரங்குகள் இரண்டு! பணியாளர்கள் சிறிதும் சிரிக்காமல் பரிமாற, அம்மையாரும் சிரிக்காமல் உண்டார். சிறுவர்கள் இப்பகுதியை இருமுறை படிப்பர் என்று நம்புகிறோம்.

நம்மவரையும் அவர் கண்டார். சிங்கப்பூர் வீதிகளில் நடந்த தமிழ்ப் பெண்களின் நடையழகையும் உடையழகையும் வியந்து எழுதினார். ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. அவர் ஆள்வோரின் விருந்தினர். அவர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே இந்நாட்டைப் பார்த்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர் பற்றிய அவருடைய சொற்களுள் சில, இன்று படிப்போர் மனத்தைச் சுடும். காட்டையும் ஆற்றையும் பற்றி அவர் எழுதியவற்றையே நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம்.

மலாயாப் பயணத்தை முடித்து வீடு திரும்பிய மறு ஆண்டு, 1880 சூன் திங்களில், ஹென்றியேட்டா குடற்காய்ச்சலால் இறந்தாள். மடல்களைப் படிக்க இனி எவருமிலர். தங்கையைத் தனியே விட்டுத் தாம் உலகெங்கும் திரிந்ததை எண்ணி அவர் நொந்திருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம். மலாயாவைப் பற்றிய அவருடைய நூல், 1883இல், தங்கையில்லாத வீட்டிலிருந்தே வெளிவந்தது. ஹென்றியேட்டாவுக்கு நோய்க்காலத்தில் மருத்துவம் பார்த்தவர் டாக்டர் ஜான் பிஷப். 1881 மார்ச்சுத் திங்களில் இசபெல்லா அவரை மணந்தார். அம்மையாருக்கு அப்போது வயது 49. அவ்வாழ்வும் நீடிக்கவில்லை. ஐந்தே ஆண்டுகளில் கணவரும் மறைந்தார்.

அதன்பின் அம்மையார் செவிலியர் பயிற்சி பெற்று, 1889ஆம் ஆண்டு இந்தியா சென்றார். காஷ்மீரில் கணவர் பெயராலும், அமிர்தசரசில் தங்கையின் பெயராலும் மருத்துவமனைகள் நிறுவினார். லடாக்கின் மலைவெளிகளில் சென்றபோது, ஆற்று வெள்ளத்தில் குதிரையோடு கவிழ்ந்து விலா எலும்பு முறிந்தது. 1890இல் கடும்பனிக் காலத்தில் பாக்தாத்திலிருந்து தெஹரான் சென்றார். 1892ஆம் ஆண்டில் இலண்டன் அரச புவியியல் கழகம் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தபோது, அவர்களுள் அம்மையாரும் ஒருவர். ஆனால் அடுத்த ஆண்டே கழகத்தார் பெண்களுக்குக் கதவை அடைத்துவிட்டனர். அது மீண்டும் திறந்தது 1913இல்தான்!

60 வயதைக் கடந்தபின் நிழற்படக்கலை கற்றார். கொரியாவையும் சீனாவையும் மூன்றாண்டுக் காலம் சுற்றினார். யாங்சி ஆற்றின் செங்குத்தான மலையிடுக்குகளில் படகில் சென்றபோது, இரவில் படகிலேயே படங்களைக் கழுவுவார். கழுவும் நீர் யாங்சி ஆற்று நீரே. சிச்சுவான் மாநிலத்தில் அயலாரை வெறுத்த கூட்டம் அவர் தங்கிய விடுதியை முற்றுகையிட்டது. வீரர்கள் வந்து காத்தனர். பிறிதோரிடத்தில் கல்லடி தலையில் பட்டு நினைவிழந்தார். நினைவு திரும்பியதும் ஊர் திரும்பவில்லை. திபெத்திய எல்லை மலைகளை நோக்கி மேலும் சென்றார்.

1901ஆம் ஆண்டில், 70ஆம் வயதை நெருங்கிய நிலையில், மொரோக்கோ சென்றார். அந்நாட்டுச் சுல்தான் அளித்த கருங்குதிரை மிக உயரமானது. அம்மையாரோ மிகக் குள்ளம். ஏணி வைத்தே ஏறினார். ஏறியபின் அட்லஸ் மலைகள் வரை சென்று வந்தார்.

1904ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், எடின்பரோ நகரில் அம்மையார் காலமானார். மீண்டும் சீனா செல்வதற்காக அவருடைய பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. தோபர்மோரித் துறைமுகத்தில், தங்கையின் நினைவாக அம்மையாரின் பொருட்செலவில் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு இருக்கிறது. அது 1905இல் கட்டப்பட்டது. மீன்பிடி படகுகள் கரை திரும்பும் அத்துறையில் அது இன்றும் மணி காட்டுகிறது.