வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள்

திண்டிவனத்திற்குத் தென்மேற்கே விழுப்புரம் உள்ளது. அதனை அடுத்த திருவாமாத்தூர், தேவாரப் பாடல் பெற்ற பழம்பதியாகும். தமிழ் ஓசையின் நுட்பத்தை ஆராய்ந்து இலக்கணம் வகுத்த அருட்புலவர் ஒருவர் தம் இறுதிக் காலத்தில் தங்கியிருந்த ஊரும் அதுவே. அவர்தாம் தண்டபாணி சுவாமிகள்.

சுவாமிகள் 1839ஆம் ஆண்டு திருநெல்வேலியில் தோன்றினார். பிள்ளைத் திருப்பெயர் சங்கரலிங்கம். இளமையிலேயே வெண்பா பாடும் ஆற்றல் வாய்க்கப் பெற்றார். முருகப்பெருமானையே வழிபடு கடவுளாகக் கொண்டு, கோவணம் பூண்டு, ஊர்தோறும் நடந்து பாடினார். வண்ணம் பாடுவதில் வல்லவராதலின், 'வண்ணச்சரபம்' எனச் சான்றோர் போற்றினர்.

மாணவர்களே! வண்ணம் என்பது யாது? 'பந்து', 'பத்து' என்னும் சொற்களை நோக்குங்கள். அசை பிரித்துச் சீர் காண்பார்க்கு அவை இரண்டும் ஒன்றே. வண்ணம் பாடுவார்க்கோ அவை வேறு. மெல்லொற்றுப் பெற்ற 'பந்து', 'தந்த' என்னும் சந்தம். வல்லொற்றுப் பெற்ற 'பத்து', 'தத்த' என்னும் சந்தம். ஓரடியில் 'தந்த' வந்த இடத்தில் ஏனைய அடிகளிலும் 'தந்த'வே வருதல் வேண்டும். குறில் நின்ற இடத்தில் நெடில் நிற்றல் ஆகாது. எதுகையும் பிறழாது, தொங்கல் என்னும் இறுதி உறுப்பும் அதே ஓசையுடன் மீண்டும் மீண்டும் வரும்.

தொல்காப்பியர் இருபது வண்ணங்களைக் கூறினார். அருணகிரிநாதர் திருப்புகழில் சந்தங்களைப் பெருக்கினார். அச்சந்தங்களின் அமைதியை ஆராய்ந்து, சுவாமிகள் 'வண்ணத்தியல்பு' என்னும் நூலை இயற்றினார். ஐந்திலக்கணத்தோடு புலமை இலக்கணத்தையும் சேர்த்து, 'அறுவகை இலக்கணம்' செய்தார்.

இத்தகைய புலவர்க்கும் ஒரு பெருந்துயர் இருந்தது. பல்லாயிரம் பாடல்கள் பாடியும், தாம் விரும்பியவாறு முருகன் காட்சி தரவில்லையே என ஏங்கினார். அவ்வேக்கம் மிகுந்தபோது, தம் பாடல்கள் பலவற்றை நீரிலும் நெருப்பிலும் இட்டார் என்பர். ஆயினும் பாடுதலை ஒழித்தாரல்லர். தம் வாழ்வைத் தாமே எண்ணிப் பார்த்து, 'குருபர தத்துவம்' என்னும் நூலைச் செய்யுளாகவே பாடினார். மனம் கலங்கிய காலத்தும் சந்தம் சிதையாது பாடுவதே அவருக்குத் தவமாயிற்று.

திருவாமாத்தூரில் கௌமார மடம் நிறுவி வாழ்ந்த சுவாமிகள், 1898ஆம் ஆண்டு அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அழிந்தவை போக எஞ்சிய பாடல்களே பல்லாயிரம். ஒரு பாடலைப் பயிலும்போது பொருளை உணர்வதோடு அமையாது, வாய்விட்டுப் படித்து அதன் ஓசையையும் செவியால் உணர்வோமாக. அதுவே அப்பெரியார்க்கு நாம் செய்யும் வணக்கமாகும்.