பள்ளிக்கூடம் போகாத பத்திரிகை ஆசிரியர்

 

ரமணாசிரமம் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்கு எச்சம்மாள் பாட்டி, முதலியார் பாட்டி பெயர்கள் புதுசு இல்லை. ரமண மகரிஷிக்குத் தங்கள் கையால் சோறு ஆக்கிப் போட்டவர்கள் என்று நம் வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கோம். அதே மாதிரி செங்கம் ரோட்டில் பூக்கடை, இட்லிக்கடை, இளநீர்க் கடை என்று வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் அம்மாக்களையும் தினமும் பார்க்கிறோம். வீட்டையும் கவனித்து, தொழிலையும் நடத்திய ஒரு அம்மாவைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். அவர் நடத்தியது பூக்கடை இல்லை, பத்திரிகை! அவர்தான் வை.மு. கோதைநாயகி அம்மாள்.

தாயில்லாப் பிள்ளை

1901-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி நீர்வளூர் என்ற ஊரைச் சேர்ந்த வைணவக் குடும்பத்தில் பிறந்தார். ஒரு வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். பாட்டியும் சித்தப்பா வீட்டாரும்தான் எடுத்து வளர்த்தார்கள்.

1907-இல் கோதைநாயகிக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமா? ஐந்தரை! மாப்பிள்ளை வை.மு. பார்த்தசாரதிக்கு வயது 9. இப்போது நம் ஊரில் ஐந்தரை வயதுப் பிள்ளை ஒண்ணாம் வகுப்பில் அ, ஆ எழுதிக்கொண்டிருக்கும். இந்தக் காலத்தில் அப்படிக் கல்யாணம் செய்தால் சட்டப்படி குற்றம். அந்தக் காலத்தில் அது சர்வ சாதாரணம்.

அதனால் கோதைநாயகி பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. ஆனால் படிப்பு வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. சித்தப்பா தமிழ் சொல்லிக் கொடுத்தார். திருவல்லிக்கேணியில் இருந்த மாமனார் வீடும் தமிழ்ப் புலமை நிறைந்த வீடு. மாமியார் தெலுங்கு சொல்லிக் கொடுத்தாராம். மாமியார் என்றால் கொடுமை செய்பவர் என்று சினிமாவில் காட்டுகிறார்களே, இங்கே மாமியார்தான் டீச்சர்!

சொன்னது ஒருவர், எழுதியது ஒருவர்

கணவர் பார்த்தசாரதிக்கு நாடகம் என்றால் ஆசை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போவார். நாடகம் பார்த்துப் பார்த்து கோதைநாயகியின் மனதுக்குள் கதைகள் ஊற ஆரம்பித்தன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து தானாகவே கதை கட்டிச் சொல்வார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்களாம்.

இங்கேதான் ஒரு சிக்கல். படிக்கத் தெரிந்தாலும் அவருக்குச் சரளமாக எழுத வரவில்லை. நாமாக இருந்தால் நமக்கு இது சரிப்படாது என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. தன் தோழியை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அப்படி வந்ததுதான் 'இந்திர மோகனா' என்ற நாடகம். 1924-இல் புத்தகமாகவே வந்துவிட்டது. அதன் பிறகு தானே எழுதப் பழகிக்கொண்டார். மொத்தம் 115 நாவல்கள் எழுதினார் என்று கணக்குச் சொல்கிறார்கள். நூற்றுப் பதினைந்து!

ஜகன்மோகினி

அந்தக் காலத்தில் துப்பறியும் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். அவர் கோதைநாயகிக்கு ஊக்கம் கொடுத்தார். 1925-இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற மாதப் பத்திரிகையை ஏற்று, கோதைநாயகி அம்மாள் அதன் ஆசிரியர் ஆனார். பெண்கள் நாலு பேர் முன்னால் நின்று பேசினாலே ஊர் ஏசிய காலம் அது. அவருக்கும் ஏச்சும் பேச்சும் நிறையக் கிடைத்தன. கணவர் பக்கபலமாக நின்றார்.

பத்திரிகை நடத்துவது என்றால் கதை எழுதுவது மட்டும் இல்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்த காலம். பேப்பர் வாங்க வேண்டும், பிழை திருத்த வேண்டும், சந்தாக் கணக்கு பார்க்க வேண்டும், மாதம் தவறாமல் தபாலில் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் தவறினால் சந்தாதாரர் நம்பிக்கை போய்விடும். இது முழுக்க முழுக்க ஒரு வியாபாரம். பிறகு சொந்தமாக அச்சகமும் வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது காகிதப் பஞ்சம் வந்தது. அதையும் தாண்டி ஜகன்மோகினி நின்றது. சுமார் 35 வருடம் நடத்தினார். வேறு பல பெண்களுக்கும் அதில் எழுத இடம் கொடுத்தார்.

நம்ம சுவர்ப் பத்திரிகை மாதம் ஒரு சார்ட்தான். அதையே நேரத்துக்கு முடிக்க முடியாமல் தமிழ் ஐயாவிடம் திட்டு வாங்குகிறோம். 35 வருடம் என்றால் யோசித்துப் பாருங்கள்!

பட்டும் நகையும் போய் கதர் வந்தது

காந்தியடிகளைச் சந்தித்த பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதர் உடுத்தினார். கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல் என்று போராட்டத்தில் இறங்கினார். 1930-களின் தொடக்கத்தில் சிறைக்கும் போனார். சிறையில் சும்மா இருந்தாரா? அங்கேயும் நாவல் எழுதினார்.

நல்ல பாட்டுக்காரரும்கூட. மேடையில் பாடுவார், பேசுவார். பிற்காலத்தில் பெரிய புகழ் பெற்ற டி.கே. பட்டம்மாளைச் சின்ன வயதில் தட்டிக்கொடுத்து ஊக்கப்படுத்தியவர்களில் இவரும் ஒருவர். இவருடைய 'அநாதைப் பெண்' கதை 1938-இல் சினிமாவாக வந்தது. நம் பாட்டிமார்களுக்குப் பிடித்த 'சித்தி' படம் (1966) இவருடைய 'தயாநிதி' நாவல்தான். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

காந்தி மறைந்த 1948-இல் திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கம் தொடங்கிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவினார். விடுதலைப் போராட்ட வீரர் என்று அரசு அவருக்கு 10 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதை வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

அம்மாவின் மனசு

இவ்வளவு பெரிய மனுஷிக்கு ஒரே மகன், ஸ்ரீனிவாசன். 1956-இல் அந்த மகன் இறந்துவிட்டார். ஜெயிலுக்கும் ஏச்சுக்கும் அசராதவர் இந்த இடத்தில்தான் உடைந்து போனார். உடம்பும் விழுந்தது. காசநோய் வந்து தாம்பரம் மருத்துவமனையில் 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி காலமானார். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 115 நாவலில் எத்தனையோ பேருடைய கஷ்டத்தை எழுதித் தீர்த்து வைத்தவர். தன் கஷ்டத்தை மட்டும் எழுதித் தீர்க்க முடியவில்லை.

எச்சம்மாள் பாட்டியும் கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்தான். அந்தத் துக்கத்தோடு இந்த மலைக்கு வந்து, 1945-இல் தான் சாகும் வரை சாப்பாடு கொண்டு வந்தார். ஒருவருக்குத் துக்கம் முதலில் வந்தது. இன்னொருவருக்குக் கடைசியில் வந்தது. இரண்டு பேருமே கைகட்டி உட்கார்ந்து காலத்தைக் கழிக்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

இந்த மாதப் பத்திரிகைக்குக் கட்டுரை கேட்டு வகுப்பு வகுப்பாகப் போனேன். நிறையப் பேர் தங்களுக்கு எழுத வராது என்று சொல்லி வெள்ளைத் தாளை அப்படியே திருப்பித் தந்துவிட்டீர்கள். அதில் பாதிப் பேர் மதியம் சாப்பிடும்போது அருமையாகக் கதை சொல்கிறவர்கள்! கிரிவலக் கூட்டத்தில் தம்பி தொலைந்து கிடைத்த கதையைச் சொல்லி எங்களை அழ வைத்தவரும் அதில் ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

கோதைநாயகி அம்மாளுக்கும் முதலில் எழுத வரவில்லை. சொல்லத்தான் வந்தது. பக்கத்தில் எழுத ஒரு தோழி இருந்தார். எழுத்துப் பிழை பயமும், கையெழுத்து நன்றாக இல்லை என்ற வெட்கமும் உள்ளவர்கள் மதிய இடைவேளையில் வாருங்கள். நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம். கீழே உங்கள் பெயர்தான் இருக்கும். உங்கள் அம்மா கடை நடத்தும் கதையாக இருந்தாலும் சரி.

அடுத்த மாத சார்ட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.



— பத்தாம் வகுப்பு மாணவி, சுவர்ப் பத்திரிகைக் குழு