ஆழ்கடலை எட்டிப் பார்த்த டாக்டர் ஆல்காக்



நம்ம தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்த கதையை வீட்டிலே கேட்டிருப்பீர்கள். ரஜூலா கப்பலின் தளத்தில் படுத்துக்கொண்டு, வாந்தியும் மயக்கமுமாக வந்தவர்களுக்கு, வங்கக் கடலின் அடியில் என்ன இருக்கிறது என்று நினைக்க ஏது நேரம்? அந்தக் கடலில் வலைபோட்டுப் பார்த்த ஒருவரின் வரலாறு இது.

ஆல்பிரட் வில்லியம் ஆல்காக் 1859-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தை கப்பல் தலைவர். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது தந்தைக்குப் பண நட்டம் வந்தது. பையனின் படிப்பும் நின்றது. 17 வயதில் வயநாட்டுக் காப்பித் தோட்டப் பக்கம் அனுப்பி விட்டார்கள். காப்பித் தொழில் நலிந்ததும் கல்கத்தா போனார். பிறகு புருலியாவில், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்பும் வேலை. அது எப்படிப்பட்ட வேலை என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கங்காணி பேச்சை நம்பி வந்த குடும்பங்கள்தானே நாம்! அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, மறைக்கவும் வேண்டாம்.

ஆனால் அவர் புத்தகத்தைக் கைவிடவில்லை. 1881-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்குப் போய் மருத்துவம் படித்தார். நின்றுபோன படிப்பை மீண்டும் பிடித்து, 1885-இல் டாக்டராகி இந்தியா திரும்பினார். 1888-இல் 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அரசாங்க அளவைக் கப்பலில் மருத்துவராகவும் உயிரின ஆய்வாளராகவும் சேர்ந்தார்.

அதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன், கடலில் 300 பாகத்துக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே, உயிரே கிடையாது என்று எட்வர்டு போர்ப்ஸ் என்ற அறிஞர் கருதினார். அங்கே வெளிச்சமில்லை, குளிர் அதிகம், தண்ணீரின் பாரமோ பத்து மீட்டருக்கு ஒரு மடங்கு கூடும். அப்படிப்பட்ட இடத்தில் எது பிழைக்கும் என்று பலரும் நம்பினார்கள். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் அந்த எண்ணத்தை உடைத்தது. நம்ம பக்கத்துக் கடல்களில் அந்த வேலையைத் தொடர்ந்தது இன்வெஸ்டிகேட்டர்.

வங்கக் கடல், அந்தமான் கடல், இலட்சத் தீவுப் பக்கம் எங்கும் வலை இறங்கியது. ஏறி வந்தவையோ அதிசயம்! உடம்பிலே விளக்கு வரிசை வைத்த மீன்கள்; தன் உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய் கொண்டவை; செக்கச் சிவந்த இறால்கள். சிவப்பு வெளிச்சம் ஆழத்துக்கு எட்டாது. ஆகவே நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் இறால் அங்கே கறுப்பாகி, எதிரிக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். திருவாங்கூர்க் கரைக்கு அப்பால் ஆழத்தில் கிடைத்த, கண் பார்வையற்ற, மின்சாரம் பாய்ச்சும் திருக்கை ஒன்றுக்கு 1898-இல் ஆல்காக் பெயரிட்டார்.

1893-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். இந்திய ஆழ்கடல் மீன்களைப் பற்றி 1899-இல் பெரிய நூல் வெளியிட்டார். 1901-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1906-இல் பதவி விலகி, லண்டனில் வெப்ப நாட்டு நோய் மருத்துவம் பயிலும் டாக்டர்களுக்கு, நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றிப் பாடம் சொன்னார். 1933 மார்ச் 24-இல் காலமானார்.

மாணவர்களே! மெர்சிங் கரையில் நின்று பார்த்தால் கடல் வெறும் தண்ணீர்தான். இறங்கிப் பார்க்காதவர்கள்தான் ஆழத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். தோட்டத்து லயத்துப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினார்கள். இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளை அதற்குப் பதில் சொல்கிறது. பரிசு கிடைக்காத பிள்ளையும் தலை குனிய வேண்டாம். 17 வயதில் படிப்பு நின்ற பையன்தான் பின்னாளில் கடலின் அடியை உலகுக்குக் காட்டினான். பெற்றோர்களே, எந்தக் கஷ்டம் வந்தாலும் பிள்ளையின் புத்தகத்தை மட்டும் மூடி விடாதீர்கள்!