இடையன்குடி இல்லம்

ஆலந்தலைக் கடற்கரையிலிருந்து தென்மேற்கே மணப்பாட்டைக் கடந்து செல்வோர், செம்மணல் தேரியும் பனைகளும் சூழ்ந்த இடையன்குடியை அடைவர். அங்குக் கால்டுவெல் வாழ்ந்த இல்லம், இன்று அரசின் நினைவில்லமாக விளங்குகிறது.

அயர்லாந்தில் 1814ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட் கால்டுவெல், 1838இல் சமயப் பணிக்காகச் சென்னைக்கு வந்து தமிழ் பயின்றார். 1841இல் இடையன்குடியில் குடியேறி, நேரிய தெருக்களை வகுத்து ஊரைச் சீரமைத்தார், பள்ளி நிறுவினார். அவர்தம் துணைவியார் எலைசா, பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்து வருவாய்க்கு வழிகாட்டினார்.

கல்விக்கூடங்களும் நூலகங்களும் நிறைந்த நகரை விட்டு நெடுந்தொலைவில் வாழ்ந்தபோதும் கால்டுவெல்லின் ஆய்வு தளரவில்லை. தென்னாட்டு மொழிகளை ஒப்புநோக்கி, அவை வடமொழியினின்று பிறவாத தனிக் குடும்பம் என்பதைத் தம் ஒப்பிலக்கண நூலில் சான்றுகளுடன் நிறுவினார். அந்நூல் 1856இல் வெளிவந்தது.

1891இல் கொடைக்கானலில் மறைந்த அவருடைய உடல், அவர் எழுப்பிய இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.