சர்வர் பின்தங்குதா? 100 ஆண்டுக்கு முன்பே வழி சொன்ன வால்டர் ஷூஹார்ட் யார்?

நெய்வேலி நகரியத்துக்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. ராப்பகலாக பம்புகள் இறைத்தால்தான் சுரங்கம் பிழைக்கும். அங்கே ஒருநாள் அளவை மட்டும் பார்த்தால் போதாது. அழுத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் பார்க்கணும்.

சர்வர்களுக்கும் அப்படித்தான். வங்கி போன்ற சேவைகளில் தரவின் நகல் வேறு ஊரில் உள்ள இன்னொரு சர்வரிலும் தொடர்ந்து எழுதப்படும். நகல் பின்தங்கியிருக்கும் நேரத்தில் முதல் சர்வர் படுத்துவிட்டால், அந்த இடைவெளியில் பதிவான கணக்குகள் காணாமல் போகலாம். ஆனால் தாமதம் எப்போதும் கொஞ்சம் ஏறி இறங்கும். எதற்குப் பதறணும், எதை விட்டுடலாம்?

இதற்கு விடை தந்தவர் சர்வர்களையே பார்க்காத காலத்து மனிதர். வால்டர் ஷூஹார்ட் 1891-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, 1918-ல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சின்ன மாற்றத்துக்கெல்லாம் இயந்திரத்தைத் திருகினால், தரம் இன்னும் மோசமாவதை உணர்ந்தார்.

1924 மே 16 அன்று மேலதிகாரிக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். அதில் இருந்த வரைபடம்தான் இன்றைய 'கட்டுப்பாட்டு வரைபடம்'. நடுவே சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். எல்லைக்குள் ஆடினால் அது இயல்பான ஆட்டம். எல்லை தாண்டினால் ஏதோ காரணம் இருக்கு, தேடணும். அவ்வளவுதான்!

மெல்ல நகரும் ஆபத்துக்கும் விதி உண்டு. 1956-ல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் வெளியிட்ட கையேட்டின்படி, அடுத்தடுத்து 8 புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கத்தில் விழுந்தால், எல்லை தாண்டாவிட்டாலும் அது எச்சரிக்கை. நகல் சர்வரிலும் வட்டு நிரம்புவது, நெட்வொர்க் திணறுவது போன்றவை இப்படித்தான் மெதுவாகத் தலைகாட்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காலை 10 மணிக் கூட்டத்தை நள்ளிரவோடு ஒப்பிட்டால் வரைபடம் ஏமாற்றிடும். அதே நேரத்தை அதே நேரத்தோடுதான் ஒப்பிடணும்.

1947-48-ல் ஷூஹார்ட் இந்தியாவுக்கும் வந்தார். மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஏற்பாடு அது. இங்குள்ள தொழில்துறையில் புள்ளியியல் தரக்கட்டுப்பாடு பரவ அந்தப் பயணம் தூண்டுகோலானது. 1956-ல், நெய்வேலி நிலக்கரிக் கழகம் பிறந்த அதே ஆண்டில், பெல் ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1967-ல் காலமானார்.

இன்று கண்காணிப்புத் திரைகளில் ஓடும் எச்சரிக்கைக் கோடுகள் பலவற்றுக்கும் அந்த ஒற்றைப் பக்கம்தான் மூதாதை. தேவையில்லாமல் அலறும் அலாரத்தை நாளடைவில் யாரும் மதிக்க மாட்டாங்க. சரியான இடத்தில் போட்ட கோடு, நிஜமான ஆபத்து வரும்போது ஆளை எழுப்பும்.