கடிகாரத்துடன் போட்டியிட்ட பாவோ நூர்மி

இளைஞன் ஒருவன் ஒரு மைல் தூரத்தை எவ்வளவு நேரத்தில் ஓடிக் கடப்பான்? முறையான பயிற்சி பெறாத, ஆயினும் உடல்நலமுள்ள ஒருவனுக்கு எட்டு முதல் பத்து நிமிடங்கள் தேவைப்படும் எனப் பொதுவாகக் கொள்ளலாம். அதே மைல் தூரத்தை 1923ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோமில் 4 நிமிடம் 10.4 செக்கன்களில் ஓடி உலக சாதனை படைத்தவர் பின்லாந்தின் பாவோ நூர்மி. பிறவித் திறமை மட்டுமே இதற்குக் காரணம் எனக் கூறிவிட்டு நகர்ந்துவிட நாம் விரும்பவில்லை.

1897இல் துர்க்கு நகரில் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த நூர்மி, 1910இல் தந்தையை இழந்தார். குடும்பச் சுமை காரணமாகப் பாடசாலைக் கல்வியைக் கைவிட்டு, பேக்கரி ஒன்றின் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். சரக்கேற்றிய கைவண்டியை மேட்டு நிலங்களில் தள்ளிச் சென்ற அந்த உழைப்பே அவரது கால்களுக்கு உரமூட்டியது.

1920ஆம் ஆண்டு அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் தமது முதற் பந்தயத்திலேயே அவர் தோல்வியைத் தழுவினார். ஆனால் துவண்டுவிடவில்லை, அதே போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். நிறுத்தற் கடிகாரத்தைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு சுற்றையும் அளந்து சீராக ஓடுவது அவரது வழக்கமாயிற்று. அருகில் ஓடுபவரை விடத் தமது கடிகாரத்தையே அவர் போட்டியாளராகக் கருதினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீற்றர், 5000 மீற்றர் ஆகிய இரு பந்தயங்களிலும் ஒரே நாளில் வெற்றியீட்டி, மொத்தம் ஐந்து தங்கப் பதக்கங்களைச் சுவீகரித்தார். அவரது ஒலிம்பிக் தங்கங்கள் ஒன்பது, வெள்ளிகள் மூன்று.

எனினும், ஓடுவதற்குப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பங்குபற்ற அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. வறுமையிலிருந்து எழுந்த ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே இதனை நாம் கருதுகின்றோம். இருபது ஆண்டுகளின் பின்னர், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் அரங்கினுள் தீபமேந்தி ஓடிவந்தவர் அதே நூர்மியே. வர்த்தகத்தில் ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியைக் கொண்டு 1968இல் இருதய நோய் ஆராய்ச்சிக்கென நிதியமொன்றை நிறுவிய அவர், 1973இல் மறைந்தார்.

அவரது மைல் சாதனை 1931இல் முறியடிக்கப்பட்டது. 1954இல் ரொஜர் பனிஸ்டர் நான்கு நிமிட எல்லையையே தகர்த்தார். சாதனைகள் நிலையானவையல்ல. ஆனால் நூர்மி காட்டிய வழி நிலைத்து நிற்கின்றது. பத்து நிமிடத்தில் மைலை ஓடும் இளைஞன் நான்கு நிமிடத்தை எண்ணி ஏங்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் ஒன்பதரை நிமிடத்தில் ஓடுவானாயின், அவனும் நூர்மியின் பாதையிலேயே ஓடுகின்றான் என்பதே எமது கருத்தாகும்.