ஒரு கிட்னியை எடுத்துட்டா உயிர் பிழைக்க முடியுமா? 1869-ல் விடை சொன்ன குஸ்தாவ் சிமோன்

கேன்சர் வந்த கிட்னியை முழுசா எடுப்பது இன்று பழகிப்போன ஆபரேஷன். ஆனா 150 வருஷத்துக்கு முன்பு, அதுக்குப் பிறகு நோயாளி பிழைப்பாரா என்பதே டாக்டர்களுக்குத் தெரியாது.

சிமோன் 1824-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர். ராணுவ டாக்டராக இருந்து, ரோஸ்டாக்கில் பேராசிரியராகி, 1867-ல் ஹைடல்பெர்க் வந்தார். அங்கே அவரிடம் வந்த ஒரு பெண்ணுக்கு கேன்சர் இல்லை. முந்தைய ஆபரேஷனில் சிறுநீர்க்குழாய் சேதமாகி, சிறுநீர் எந்நேரமும் கசிந்துகொண்டே இருந்தது. சரிசெய்யும் முயற்சிகள் பலிக்கவில்லை. மிச்சமிருந்த வழி, அந்தப் பக்கத்து கிட்னியை எடுப்பதுதான்.

சிமோன் அவசரப்படவில்லை. முதலில் நாய்களுக்கு ஒரு கிட்னியை எடுத்துப் பார்த்தார். இன்னொரு கிட்னியே முழு வேலையையும் பார்த்துக்கொண்டது. அடுத்து, இறந்தவர்களின் உடல்களில் முதுகுப் பக்கமாக கிட்னியை எடுத்துப் பழகினார்.

1869 ஆகஸ்ட் 2. குளோரோஃபார்ம் கொடுத்து, சுமார் 40 நிமிடத்தில் ஆபரேஷன் முடிந்தது. அதன்பின் காய்ச்சலோடு ஆபத்தான நாட்கள். கடைசியில் அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். திட்டமிட்டு கிட்னியை எடுத்ததில் உலகின் முதல் வெற்றி இது.

1876-ல், 52 வயதில் சிமோன் இறந்தார். நோயாளியைத் தொடும் முன்பே அவர் விடை தேடிய கேள்வி இன்றும் மாறவில்லை: இன்னொரு கிட்னி தாங்குமா? கேன்சர் ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிகரெட்டை நிறுத்துவது, தினமும் நடப்பது, நல்லா சாப்பிடுவது என நோயாளியின் உடம்பையும் தயார்படுத்துவது இன்றைய டாக்டர்கள் சேர்த்தது.